ரெண்டு பேரும் நின்னாத்தான் சாவேன்

எங்கள் கல்யாணக் கேசட்டில் எல்லாம் இருக்கிறது. வந்தவாசியிலிருந்து எங்கள் வீட்டார் வேன் நிறைய வந்து இறங்குவது இருக்கிறது. பந்தியில் என் பெரியப்பா மூன்றாம் முறை பாயசம் கேட்பது இருக்கிறது. ஒரு ரோஜாப்பூ சுழன்று சுழன்று வந்து அதன் நடுவில் என் முகம் மலர்வது கூட இருக்கிறது. தாலி கட்டுவது மட்டும் இல்லை. அந்த இடத்தில் திரையில் தெரிவது ஒரு மடக்கு நாற்காலியின் கால், மண்டபத்தின் சிவப்புத் தரை, யார் யாருடையவோ பாதங்கள். அந்தப் பாதங்களின் மேல் மஞ்சள் அரிசி பொலபொலவென்று விழுகிறது. பின்னணியில் அந்த வருடம் எல்லாக் கல்யாணக் கேசட்டிலும் போட்ட அதே சினிமாப் பாட்டு ஓடுகிறது. பாட்டு முடிந்து கேமரா மறுபடி மணமேடைக்கு வரும்போது என் கழுத்தில் தாலி ஏறிவிட்டிருக்கிறது.

எடுத்தவர் வேறு யாருமில்லை, என் கணவரின் கூடப் பிறந்த அண்ணன். என் மூத்தார். ஆரணியில் தொண்ணூறுகளில் நடந்த கல்யாணங்களில் பாதிக்கு அவர்தான் வீடியோ. தறியில் உட்கார்ந்து பட்டு நெய்துகொண்டிருந்தவர், ஒரு நாள் எழுந்து போய்த் தோளில் கேமராவைத் தூக்கிக்கொண்டார். அவர் தாலி கட்டும் காட்சியைத் தவறவிட்டதாக ஊரில் ஒருத்தரும் சொன்னதில்லை. தம்பி கல்யாணத்தில் மட்டும் தவறவிட்டார். கேசட்டைப் போட்டுப் பார்த்த அன்று என் கணவர் எழுந்து டிவியை அணைத்துவிட்டு வெளியே போனார். எனக்கும் அழுகை வந்தது. புதுப்பெண் என்பதால் அடக்கிக்கொண்டேன்.

அன்றைக்கு நின்றது அண்ணன் தம்பி பேச்சு. ஒரே வீடு, ஒரே முற்றம், ஒரே கிணறு. கிணற்றில் ஒருவர் நீர் இறைத்தால் மற்றவர் வாளியோடு தள்ளி நின்று, தன் முறை வரும்வரை வானத்தைப் பார்ப்பார். காரணத்தை இவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. தாலி கட்டுவதை வீடியோவில் விட்டதற்காகப் பேசவில்லை என்று வெளியில் சொன்னால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று இவருக்குக் கூச்சம். சின்னக் கோபத்தை வெளியே சொல்லவும் முடியாமல் உள்ளே வைத்துக்கொள்ளவும் முடியாமல், அது வளர்ந்து, முற்றத்தின் நடுவில் சுவர் எழுப்புவது என்ற பேச்சில் வந்து நின்றது. செங்கல்லும் வந்து இறங்கிவிட்டது.

என் மாமனாருக்கு அந்தச் செங்கல்லைப் பார்த்தாலே சோறு இறங்காது. அவர் சண்டை போடத் தெரியாத மனிதர். விளையாட்டாகவே எதையும் பேசிப் பழகியவர். கிணறு யார் பக்கம் போகும் என்பதில்தான் மகன்களுக்குத் தகராறு என்று அவராகவே முடிவு செய்துகொண்டு, "கிணத்த நடுவுல வெட்டி ஆளுக்கு ஒரு பக்கம் வெச்சிக்குங்கடா" என்று சொல்லிப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. தன் கண்ணெதிரே அந்தச் சுவர் எழும்பக் கூடாது, அதற்குமுன் பிள்ளைகள் இரண்டு பேரும் ஒரு வார்த்தையாவது பேசிவிட வேண்டும், அது ஒன்றுதான் அந்தக் காலத்தில் அவருடைய ஆசை. அதைப் பலமுறை என்னிடமே சொல்லியிருக்கிறார்.

அப்போதுதான் என் மூத்தாருக்குப் பேய்ப் படம் எடுக்கும் யோசனை வந்தது. புதிதாகச் சின்ன கேமரா ஒன்று வாங்கியிருந்தார். கல்யாணமும் மஞ்சள் நீராட்டும் எடுத்துச் சலித்துப்போய்விட்டதாகச் சொன்னார். தீபாவளியன்று மத்தியானம் போடலாம் என்று ஊர் கேபிள்காரர் வாக்குக் கொடுத்திருந்தார். கதையும் தயார். ஒரு வீட்டில் அப்பா செத்துப் போகிறார். பிணத்தை எடுப்பதற்கு முன்பே இரண்டு பிள்ளைகளும் மருமகள்களும் வீட்டுக்காக அடித்துக்கொள்கிறார்கள். செத்தவர் பேயாகத் திரும்பி வந்து நாலு பேரையும் ஆட்டிப்படைக்கிறார். பார்ப்பவர்கள் பயப்பட வேண்டும், நடுநடுவே சிரிக்கவும் வேண்டும் என்பது அவர் திட்டம். கதையை அவர் சொன்னபோது என் ஓரகத்தி, அதாவது அவர் மனைவி, கீரை ஆய்ந்துகொண்டே, "இதுக்கு எதுக்கு நடிக்கணும்? கேமராவ ஒரு மூலையில வெச்சிட்டு உட்டுட்டா தானா படம் ஆயிடும்" என்றாள்.

வெளியாட்களை வைத்து எடுக்க வசதியில்லை. வீட்டில் இருப்பவர்கள்தான் நடிக்க வேண்டும். பிணமாகவும் பேயாகவும் நடிக்க மாமனாரைக் கேட்டார்கள். கேட்டதும் அவர் முகத்தில் வந்த களையை இப்போது நினைத்தாலும் எனக்குச் சிரிப்பு வருகிறது. ஆனால் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. வெற்றிலையை மெதுவாக மடித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னார்:

"கதையில ரெண்டு புள்ளைங்க இல்ல? ரெண்டு பேரும் நின்னாத்தான் சாவேன். இல்லன்னா வேற பொணம் பாத்துக்கோ."

இப்படித்தான் என் கணவரும் அந்தப் படத்துக்குள் வந்தார். அப்பாவுக்காக வந்தேன், அவனுக்காக இல்லை என்று என்னிடம் ஒருமுறைக்கு இருமுறை சொன்னார். அண்ணன் வேடத்தை மூத்தாரே போட்டுக்கொண்டதால் கேமரா பிடிக்க ஆள் இல்லாமல் போனது. கடைசியில் சின்ன மருமகள் வேடம் கதையிலிருந்து போய், கேமரா என் கைக்கு வந்தது. என் கல்யாணத்தைத் தவறவிட்டவர் எனக்கே கேமரா பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். "சிவப்பு லைட் எரிஞ்சிகினு இருக்கும் வரைக்கும் கைய ஆட்டாத. நான் கட் சொல்றவரைக்கும் எது நடந்தாலும் நிறுத்தாத." அந்தப் பாடத்தை மட்டும் நான் அப்படியே பிடித்துக்கொண்டேன்.

டைரக்டர் தம்பியோடு பேசமாட்டார். தம்பி டைரக்டரோடு பேசமாட்டார். எல்லாம் என் ஓரகத்தி வழியாகத்தான் போக வேண்டும். "அவன ரெண்டு அடி தள்ளி நிக்கச் சொல்லு" என்பார் அண்ணன். "எனக்கும் காது கேக்குதுன்னு சொல்லுங்க அண்ணி" என்பார் தம்பி. "அழுகிற மாதிரி மூஞ்சிய வெக்கச் சொல்லு." "என் மூஞ்சியே அப்படித்தான்னு சொல்லுங்க அண்ணி." நடுவில் நின்ற ஓரகத்தி ஒரு கட்டத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ரெண்டு பேரும் சேந்து என்னப் பேஜார் பண்றீங்க. இன்னொரு தபா என்னக் கூப்டா நானே பேயா மாறிடுவேன்" என்று கத்தினாள். அது நடிப்பா நிஜமா என்று தெரியாமல் நான் அதையும் எடுத்துவைத்தேன். படத்தில் அந்த இடம் நன்றாக வந்திருக்கிறது.

பிணக் காட்சியைச் சித்திரை வெயிலில் எடுத்தோம். முந்தின நாள் சாயங்காலமே வாசலில் சாமியானா போட்டு, வாடகை நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டார்கள். காலையில் கூடத்து ஜன்னல்களை ஜமக்காளத்தால் மூடி, கல்யாணங்களுக்குக் கொண்டுபோகும் அந்தப் பெரிய விளக்கைப் போட்டார்கள். அடுப்புக்குள் உட்கார்ந்தது போல இருந்தது. மாமனார் புது வேட்டி கட்டி, கழுத்தில் மாலையோடு, மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டச் சொல்லி, பெஞ்சில் நிம்மதியாகப் படுத்துக்கொண்டார். நெற்றியில் சந்தனம் வைத்து அதன்மேல் ஒற்றை ரூபாயை ஒட்டினாள் ஓரகத்தி. விளக்குச் சூட்டில் அவருக்கு வியர்த்து, காசு வழுக்கிப் புருவத்துக்கு வந்து, கன்னம் வழியாகத் தரையில் விழுந்து உருண்டது. எடுத்து ஒட்டினோம். மறுபடி விழுந்தது. தறியில் பாவு நூலுக்குப் போடும் கஞ்சியைக் கொண்டுவந்து ஒட்டியும் நிற்கவில்லை. "செத்தவனுக்கு வேர்க்குமாடி? வேர்வைய தொடைங்கடி ஜல்தி" என்று பிணமே எங்களை விரட்டியது. சிரிப்பில் என் கை ஆட, மூன்று தடவை முதலிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று.

வாய்க்கரிசி போடும் இடம் வந்தது. பெரிய பிள்ளை முதலில் போட வேண்டும், பிறகு சின்னவர். கதைப்படி சின்னவர் அழுதுகொண்டே, "இந்த வீடு எனக்குத்தான்" என்று வசனம் பேச வேண்டும். மூத்தார் குனிந்து அப்பாவின் வாயில் அரிசி போட்டார். கண்ணை மூடிக் கிடந்த அந்த முகத்தை அத்தனை பக்கத்தில் பார்த்ததும் அவர் மிச்ச அரிசியைப் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டதைக் கேமரா வழியே பார்த்தேன். அடுத்து என் கணவர் போட்டார். போட்டவர் நிமிரவில்லை. வசனமும் வரவில்லை. அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலையைத் தூக்கி, மூன்று வருடத்தில் முதல்முறையாக, நேராக அண்ணன் முகத்தைப் பார்த்துப் பேசினார்.

"நைனா சாவ மட்டும் ஒழுங்கா எடுக்குற. நான் தாலி கட்டுனதத்தான உட்டுட்ட."

சிவப்பு லைட் எரிந்துகொண்டிருந்தது. மூத்தாரின் உள்ளங்கையில் இன்னும் கொஞ்சம் அரிசி ஒட்டியிருந்தது. அதைப் பார்த்தபடியே நின்றார்.

பெஞ்சிலிருந்து துப்புகிற சத்தம் கேட்டது. செத்தவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் பஞ்சு, கழுத்தில் மாலை, தாடை முழுக்க அரிசி. காசு எங்கோ போய் விழுந்தது.

"இதுக்கா? இதுக்காடா இத்தினி நாளா பேசாம திரிஞ்சீங்க? நான்தான்டா சொன்னேன்! கெட்டி மேளம் கொட்டும்போது இவன் கேமராவ கண்ணுல வெச்சிகினு நிக்கிறான். கூடப் பொறந்தவன் நீயே அட்சதை போடலன்னா யாருடா போடுறதுன்னு நான்தான் கேமராவ கீழ வெக்கச் சொன்னேன். ரெண்டு கையாலயும் வாரி வாரிப் போட்டான்டா உன் மேல!"

அவர் சொல்லி முடிக்கவும் வாசலில் ஒரு அலறல் எழவும் சரியாக இருந்தது. கண்ணமங்கலத்திலிருந்து மாமனாரின் தங்கை, எங்கள் அத்தை, வந்து நின்றுகொண்டிருந்தார். ஆரணியில் அவர் அண்ணன் வீட்டு வாசலில் சாமியானாவும் நாற்காலியும் போட்டிருப்பதை முந்தின நாள் பஸ்ஸில் போன யாரோ பார்த்துப் போய்ச் சொல்லிவிட்டார்கள். முதல் பஸ்ஸைப் பிடித்து, கையில் மாலையும் கோடித் துணியுமாக, மாரில் அடித்துக்கொண்டே தெருமுனையிலிருந்து ஓடி வந்திருக்கிறார். வந்து பார்த்தால் செத்த அண்ணன் உட்கார்ந்து வாதாடிக்கொண்டிருக்கிறார். மாலையை அப்படியே எங்கள் மேல் வீசிவிட்டு அத்தை திரும்பி ஓடியதையும், கால் கட்டைவிரல் கட்டியிருப்பதை மறந்து மாமனார் தங்கையைத் துரத்த எழுந்து பெஞ்சோடு சாய்ந்ததையும், இரண்டு பிள்ளைகளும் ஒரே சமயத்தில் பாய்ந்து ஆளுக்கொரு கையைப் பிடித்ததையும், நான் ஒன்றுவிடாமல் எடுத்திருக்கிறேன். யாரும் கட் சொல்லவில்லையே.

அத்தைக்கு மோர் கொடுத்து, விசிறிவிட்டு, அண்ணனைத் தொட்டுப் பார்க்கச் சொல்லி, ஒரு வழியாகச் சமாதானம் செய்தோம். தெளிந்ததும் அவர் செய்த முதல் காரியம், அண்ணன் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்ததுதான். பிறகு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டார். என் கணவர் அண்ணனிடம், "அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்று கேட்டார். "சொன்னா நீ நைனாமேல கோச்சிக்குவ. எம்மேலயே கோச்சிக்கட்டும்னு உட்டுட்டேன்" என்றார் மூத்தார். மாமனார் மாலையைக் கழற்றாமலே நடுவில் உட்கார்ந்து இரண்டு பேர் தட்டிலிருந்தும் எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான பிணத்தை நான் பார்த்ததில்லை.

மிச்சப் படத்தைத் திருவிழா போல எடுத்தோம். ஆளே இல்லாமல் தறி தானாக ஓட வேண்டும் என்று ஒரு காட்சி. என் கணவர் தறிக் குழிக்குள் ஒடுங்கி உட்கார்ந்து கால் மிதியைக் கையால் அமுக்கினார். ஊடை நூலைச் சுமந்து ஓடும் நாடாவின் கயிற்றில் பட்டு இழை ஒன்றைக் கட்டி, ஜன்னலுக்கு வெளியே நின்று மாமனார் இழுத்தார். ஒற்றைப் பட்டு இழை கேமராவுக்குத் தெரியாது. நாடா அங்குமிங்கும் பறக்க, காலி இருக்கைக்கு முன்னால் தறி தடதடத்தபோது எடுத்த எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. "தலைய இன்னும் கீழ இறக்குடா" என்று அண்ணன் சொல்ல, "இதுக்கு மேல இறக்கினா பூமிக்குள்ளதான் போவணும்" என்று குழிக்குள்ளிருந்து தம்பி பதில் சொன்னார். இரண்டும் நேராகவே போயின. ஓரகத்தி ஒரு தூணில் சாய்ந்து, தனக்கு வேலை போய்விட்டதே என்று பெருமூச்சு விட்டாள்.

சுவருக்கு வந்த செங்கல்லை அடுக்கி அப்பாவின் சமாதி என்று ஒன்றைக் கட்டி, அதன்மேல் பேயை உட்காரவைத்துக் கடைசிக் காட்சி எடுத்தார்கள். பிறகு அதே செங்கல்லில் முற்றத்து ஓரத்தில் குளியலறை ஒன்று கட்டினோம். காலையில் யார் முதலில் குளிப்பது என்று அண்ணனும் தம்பியும் அதற்குப்பின் எத்தனையோ வருடம் சண்டை போட்டார்கள். வாய்விட்டுப் போட்டார்கள்.

தீபாவளியன்று படம் வந்தது. மூத்தாருக்குக் கைப்பழக்கம் போகவில்லை. பேய் கதவைத் திறந்து வரும்போதெல்லாம் ரோஜாப்பூ சுழன்றது. சமாதிக் காட்சியில் இதய வடிவத்துக்குள் மாமனாரின் பவுடர் பூசிய முகம் வந்து சிரித்தது. பயப்பட வேண்டிய இடத்தில் தெருவே சிரித்தது. அத்தை வாசலில் நின்று அலறுகிற இடத்தில் மட்டும் பக்கத்து வீட்டுக் குழந்தைகள் உண்மையாகவே அழுதன. பிணம் எழுந்து பேசும் காட்சியை வெட்டட்டுமா என்று மூத்தார் கேட்டதற்கு, வேண்டாம், அப்படியே இருக்கட்டும் என்று சொன்னவர் என் கணவர்தான். அதனால் எங்கள் வீட்டுச் சண்டை ஊருக்கே தெரிந்தது. நாலு பேர் சிரிக்கத்தான் செய்தார்கள். எங்களோடு சேர்ந்துதான் சிரித்தார்கள். மாமனார் கடைத்தெருவுக்குப் போனால், "இன்னா பெரியவரே, இன்னும் போவலியா?" என்று டீக்கடையில் கேட்பார்கள். "ரெண்டு பேரும் நின்னாத்தான்" என்று சொல்லிவிட்டு டீயை வாங்கிக்கொள்வார்.

அதற்குப் பிறகும் பல வருடங்கள் இருந்தார். ஒரு மார்கழி மாதத்தில் ஜுரம் வந்து படுத்தார். ஒரு வாரம் இழுத்தது. கடைசி நாள் காலையில் என் கணவர் அவருக்கு வாய் துடைத்துக்கொண்டிருந்தார். மூத்தார் கஞ்சி எடுத்துவர அடுப்படிக்குப் போயிருந்தார். மாமனார் கண்ணைத் திறந்து, "பெரியவன் எங்க?" என்றார். மூத்தார் கஞ்சிக் கிண்ணத்தோடு ஓடி வந்து தலைமாட்டில் நின்றார். மாமனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உதட்டோரத்தில் அந்தக் குறும்பு ஒரு கணம் வந்துபோனது. சொல்லவில்லை. சொல்லாததும் எங்கள் எல்லாருக்கும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் போய்விட்டார்.

கண்ணமங்கலத்துக்குப் போன் போட்டுச் சொன்னோம். அத்தை மத்தியானத்துக்குள் வந்துவிட்டார். கையில் மாலை இல்லை, கோடித் துணி இல்லை. ஒரு துணிப்பை நிறைய அவித்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை. அண்ணனுக்கு உயிர் அது. வாசலில் சாமியானாவையும் நாற்காலிகளையும் பார்த்து அவர் முகம் மாறவேயில்லை. நேராக உள்ளே வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சிரித்தபடி நின்றார்.

"இந்தத் தபா நான் ஏமாற மாட்டேன். எழுந்திருண்ணா. மல்லாட்டை சூடா இருக்குது."

நாங்கள் எல்லோரும் மாமனாரின் முகத்தைத்தான் பார்த்தோம். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நானும் காத்திருந்தேன். நெற்றியில் சந்தனத்தின்மேல் ஓரகத்தி ஒட்டிய காசு அசையாமல் இருந்தது. அத்தை சிரித்த முகத்தோடு குனிந்து அந்தக் காசை விரலால் தொட்டார். அது விழவில்லை. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. கையிலிருந்த பை நழுவ, என் கணவர் ஒரு பக்கமும் மூத்தார் ஒரு பக்கமுமாக அவரைத் தாங்கிக்கொண்டார்கள்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு, அப்பாவின் குரல் எங்காவது கிடைக்குமா என்று மூத்தார் பழைய பெட்டிகளைக் குடைந்தார். பேய்ப் படத்தில்தான் நிறைய இருக்கிறதே என்றோம். அதில் நடிக்கிறார், சும்மா பேசுவது வேண்டும் என்றார். ஒரு நாள் எங்களைக் கூப்பிட்டார். எங்கள் கல்யாணத்துக்கு எடுத்த மூலக் கேசட், பாட்டு சேர்ப்பதற்கு முந்தினது, கிடைத்திருந்தது. அதைத்தான் சிடியில் ஏற்றியிருந்தார். போட்டார். ரோஜாப்பூ இல்லை, பாட்டு இல்லை. என் முகத்தை நெருங்கிப்போன கேமரா திடீரென்று ஆடியது. மடக்கு நாற்காலியின் கால் வந்தது. சிவப்புத் தரை வந்தது. மேளச் சத்தத்துக்கு நடுவே, மைக்குக்கு வெகு பக்கத்தில், மாமனாரின் குரல்.

"டேய், அத்த கீழ வைடா. வீடியோல யார் யாரோ பாப்பாங்க. நீ போடு. உன் தம்பிடா அவன்."

பாதங்களின் மேல் மஞ்சள் அரிசி விழத் தொடங்கியது. விழுந்துகொண்டே இருந்தது. அதற்கு மேல் அவர் சிரிக்கும் சத்தம். என் கல்யாணத்தில் என் மாமனார் அவ்வளவு சிரித்தார் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். இத்தனை வருடம் இல்லை இல்லை என்று நான் குறைப்பட்ட காட்சி, இதைவிட நன்றாக எடுத்திருக்க முடியாது என்று தோன்றியது.

என் கணவர் கண்ணைத் துடைக்கவில்லை. அண்ணன் தோளில் கை வைத்து, "இன்னொரு தபா போடுண்ணா" என்றார்.